நாற்காலியில் இருந்தபடி ஆபரேஷன் செய்த டாக்டர்

தூத்துக்குடியில் இருந்து திருச்செந்தூர் போகிறவர்களுக்கு, முக்காணி பாலத்தைத் தாண்டியதும் ஆத்தூர் வரும். தாமிரபரணி கடலில் கலப்பதற்கு முன்னால் கடைசியாகத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகும் ஊர்களில் அதுவும் ஒன்று. வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் காட்சி மாறிவிடும். செம்மண் தேரி. பார்த்த இடம் எல்லாம் பனை.

பனையேறிக்கு மரம்தான் சோறு போடுகிறது. காலில் தளைநார். இடுப்பில் அரிவாள் பெட்டி. அறுபது, எழுபது அடி உயரத்துக்கு ஏறிப் பாளையைச் சீவி, பதநீர்க் கலயத்தோடு இறங்க வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒரு மரம் அல்ல, பல மரங்கள்!

மழையில் மரம் வழுக்கினாலோ, ஒரு கணம் பிடி தவறினாலோ ஆள் கீழே கிடப்பார். சில சமயம் உயிர் போகாது. பேசுவார். மனைவி மக்களை அடையாளம் கண்டுகொள்வார். ஆனால் இடுப்புக்குக் கீழே கிள்ளினால் தெரியாது. கால் அசையாது.

கடலிலும் இதே ஆபத்து உண்டு.

தூத்துக்குடி முத்துக் குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுபோய்விட்டது. சங்கு குளிப்பது நிற்கவில்லை. முன்பு மூச்சை அடக்கி மூழ்கினார்கள். பிறகு படகில் கம்ப்ரசர் வைத்து, குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு நெடுநேரம் கடலடியில் இருக்கப் பழகினார்கள். அப்படி ஆழத்தில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்திருந்த காற்று குமிழி குமிழியாகக் கிளம்பும். சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குகிறதே, அது போல. அந்தக் குமிழி முதுகுத் தண்டுவடத்தைத் தாக்கினால், பனையில் இருந்து விழுந்தவரின் கதிதான் சங்கு குளித்தவருக்கும்.

இவர்களுக்கு என்ன வைத்தியம்?

70 ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா ஊரிலும் இதற்கு ஒரே பதில்தான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள் என்பார்கள். அதற்கு மேல் செய்வதற்கு வழி இல்லை.

அந்தப் பதிலை மாற்றப் பாடுபட்டவர் ஒரு பெண் டாக்டர். அவருக்கே அந்தக் கதி நேர்ந்திருந்தது. அவர் பெயர் மேரி வர்கீஸ்.

தீவில் பிறந்தவர்

கொச்சிக்குப் பக்கத்தில் வைப்பின் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே உள்ள செராய் கிராமத்தைச் சேர்ந்த குடும்பம் மேரியுடையது. வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். 1925-ம் ஆண்டு மே மாதம் மேரி பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் அவர் ஏழாவது.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார். டாக்டராக வேண்டும் என்று ஆசை. 1946-ல் வேலூருக்கு வந்து, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியைத் தமிழ்நாட்டில் தெரியாதவர்கள் யார்? அமெரிக்கப் பெண் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியது அது. 1918-ல் பெண்களுக்கு என்று அங்கே மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. மேரி சேர்ந்தபோது அது பெண்கள் மட்டுமே படிக்கும் கல்லூரி. அடுத்த ஆண்டுதான் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

மேரி நன்றாகப் படித்தார். பட்டம் வாங்கியதும் வேலூரிலேயே வேலைக்குச் சேர்ந்தார். பெண்களுக்கான நோய்களில் தேர்ச்சி பெற்று, பிரசவ டாக்டர் ஆவது அவருடைய எண்ணமாக இருந்தது.

வண்டி உருண்டது

அது 1954-ம் ஆண்டு, ஜனவரி மாதம்.

இளம் டாக்டர்கள் சிலர் ஒரு நாள் ஓய்வாக உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். பெரிய மோட்டார் வண்டி. மேரியும் அதில் இருந்தார். எல்லோருக்கும் இளவயது. சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முன்னால் ஒரு பஸ் போயிற்று. அதை முந்த வேண்டும் என்று வண்டி வேகம் எடுத்தது. சாலை ஓரத்து மைல்கல்லில் மோதியது. உருண்டது!

மேரியின் முகம் கிழிந்துவிட்டது. கன்னத்தில் ஆழமான வெட்டு. ஆனால் பெரிய காயம் வெளியே தெரியவில்லை. அது முதுகுக்குள் இருந்தது.

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. அந்த அடுக்கின் நடுவே உள்ள துவாரத்தில் தண்டுவடம் ஓடுகிறது. மூளையில் இருந்து வரும் கட்டளை அதன் வழியாகத்தான் கால்களுக்குப் போகிறது. கால் சுடுகிறது, முள் குத்துகிறது என்ற செய்தியும் அதன் வழியாகத்தான் மூளைக்கு வருகிறது. தந்திக் கம்பி போல என்று சொல்லலாம். எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் சேரும். தண்டுவடம் அறுந்தால் மறுபடியும் ஒட்டுவது இல்லை. அதை ஒட்டவைக்கும் மருந்து இன்றைக்கும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மரத்தில் இருந்து விழுந்தவரைப் பதற்றத்தில் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். எலும்பு மட்டும் விலகி, தண்டுவடம் தப்பியிருந்தால்கூட, அப்படி வளைத்துத் தூக்கும்போது அது நசுங்கிவிடும். தலை, கழுத்து, முதுகு மூன்றும் நேராக இருக்கும்படி மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் தூக்கி, கதவு போன்ற கெட்டியான பலகையில் படுக்க வைக்க வேண்டும். தொய்வான நார்க் கட்டில் கூடாது. 108 வண்டி வரும் இடமாக இருந்தால், அவர்கள் வரும் வரை அசைக்காமல் இருப்பதே நல்லது.

மேரிக்கு நினைவு திரும்பியது. நாட்கள் போயின. கால்களை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அவர் டாக்டர் அல்லவா? யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்கியது. இனிமேல் நடக்க முடியாது!

அப்போது அவருக்கு வயது 28.

கை இருக்கிறதே!

மாதக்கணக்கில் படுக்கை. ஆபரேஷன்கள். பிறகு நாற்காலியில் உட்காரப் பழகினார்.

சொந்த ஊரில் பெரிய வீடு இருந்தது. பார்த்துக்கொள்ள உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். அவர் அங்கே போய் இருந்துவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பிரசவம் பார்க்கும் டாக்டர் எழுந்து நிற்க வேண்டும், ஓட வேண்டும். இனிமேல் அது நடக்காது. படித்த படிப்பு வீண் என்றே அவருக்கும் தோன்றியது.

அந்தச் சமயத்தில் டாக்டர் பால் பிராண்ட் ஒரு யோசனை சொன்னார்.

பால் பிராண்ட் வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது தமிழ்நாட்டில், கொல்லி மலையில். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்து பெயர் வாங்கியவர். தொழுநோய் விரலை அழுக வைக்கிறது என்று அதுவரை உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அது உண்மை அல்ல, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால்தான் காயமும் சூடும் பட்டு விரல்கள் தேய்கின்றன என்று எடுத்துக் காட்டியவர் அவர்.

கை ஆபரேஷனுக்கு டாக்டர் நிற்க வேண்டியது இல்லை. நோயாளியின் கையை மேஜையில் நீட்டி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து செய்வதுதான் வழக்கம். உனக்குக் கால்தான் இல்லை, கைகள் இருக்கின்றனவே, நீ ஏன் இதைக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பது பிராண்டின் யோசனை.

மேரி முதலில் மலைத்தார். பிறகு ஒப்புக்கொண்டார்.

வேலை நுட்பமானது. தொழுநோயால் உள்ளங்கையில் இருக்கும் சின்னத் தசைகள் செத்துவிடும். விரல்கள் மடங்கிக் கழுகுக் கால் போல ஆகிவிடும். சோற்றை அள்ள முடியாது. பேனாவைப் பிடிக்க முடியாது. ஆனால் முழங்கைப் பக்கத்துத் தசைகள் நல்லபடியாகவே இருக்கும். அந்த நல்ல தசை ஒன்றின் நாணை எடுத்து, நான்கு இழையாக்கி, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைப்பார்கள். விரல் மறுபடியும் நிமிரும், மடங்கும்!

ஆபரேஷன் அறைக்குள் சக்கர நாற்காலி உருண்டு வந்தது. அதில் வந்தவர் நோயாளி அல்ல, டாக்டர். இந்தியாவில் அதற்கு முன் இப்படி ஒருவர் ஆபரேஷன் செய்ததாகத் தெரியவில்லை.

ஊர் ஒதுக்கி வைத்த தொழுநோயாளிகள் அவரைப் பார்த்தார்கள். தங்களைப் போலவே முகத்தில் தழும்பு. தங்களைவிட மோசமாகக் கால்கள் செயல் இழந்திருக்கின்றன. ஆனாலும் வேலை செய்கிறார்! வார்டில் மேரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவதே அவர்களுக்கு ஒரு மருந்தாக இருந்தது என்று பிராண்ட் பிற்காலத்தில் எழுதி இருக்கிறார்.

மேரி வர்கீஸின் கதையில் இந்தப் பகுதிதான் அதிகம் பேசப்படுகிறது. சினிமா போல இருப்பதால் அப்படி. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் இது அல்ல. அது இதற்குப் பிறகு வந்தது.

ஆபரேஷன் பாதி, பயிற்சி பாதி

கை ஆபரேஷனில் மேரி ஒன்றைக் கவனித்தார். கத்தி வேலை ஒரு சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பல வாரம் பயிற்சி கொடுத்தால்தான் விரல் வேலை செய்கிறது. பயிற்சி இல்லாவிட்டால் தைத்த நாண் தைத்தபடியே கிடக்கும்.

கைக்கு இப்படி என்றால், முதுகு முறிந்தவர்களுக்கு? ஆபரேஷன் செய்து அவர்களை நடக்க வைக்க முடியாது. பயிற்சி கொடுத்து வாழ வைக்க முடியுமா?

முடியும் என்று வெளிநாடுகளில் சில டாக்டர்கள் காட்டி இருந்தார்கள்.

ஜெர்மனியில் இருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன் அவர்களில் முக்கியமானவர். 1944-ல் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில், யுத்தத்தில் முதுகு முறிந்த சிப்பாய்களுக்கு ஒரு வார்டு தொடங்கினார். அதற்கு முன்பு இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீக்கிரம் இறந்துவிடுவார்கள். முறிந்த முதுகு அவர்களைக் கொல்வது இல்லை. ஒரே பக்கமாகப் படுத்துக் கிடப்பதால் வரும் படுக்கைப் புண்ணும், சிறுநீர் சரியாகப் போகாமல் சிறுநீரகம் கெடுவதும்தான் கொல்லும். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தார் குட்மன். இரவும் பகலும்! புண் நின்றது. உயிர் தங்கியது.

உயிர் தங்கினால் போதுமா? சும்மா கிடந்தால் மனம் செத்துவிடும். குட்மன் அவர்களை விளையாட வைத்தார். நாற்காலியில் இருந்தபடி பந்து எறிந்தார்கள், அம்பு விட்டார்கள். 1948 ஜூலை 29-ந் தேதி லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கிய அதே நாளில், ஆஸ்பத்திரிப் புல்வெளியில் 16 பேர் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். இன்றைக்கு உலகமே பார்க்கும் பாராலிம்பிக் பந்தயம் அங்கே முளைத்ததுதான். விளையாட்டில் காயம் பட்டவருக்கு மருந்து கொடுப்பது ஒரு வைத்தியம். விளையாட்டையே மருந்தாகக் கொடுப்பது இன்னொரு வைத்தியம். கால் போனவருக்குத் தோளும் கையும்தான் கால். அவை வலுத்தால்தான் கட்டிலில் இருந்து நாற்காலிக்குத் தானே மாற முடியும்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலும் இப்படி ஒரு வார்டு இருந்தது. டாக்டர் ஜார்ஜ் பெட்புரூக் என்பவர் அதை 1954-ல் தொடங்கினார். மேரியின் வண்டி உருண்ட அதே ஆண்டு! பிற்பாடு 1962-ல், கால் செயல் இழந்தவர்களுக்குக் காமன்வெல்த் விளையாட்டுப் பந்தயம் நடத்தியதும் அவர்தான்.

மேரி பெர்த்துக்குப் போனார். பிறர் துணை இல்லாமல் தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளும் பயிற்சி அங்கே கிடைத்தது. நோயாளியாகப் போனவர், இதை நம் நாட்டில் எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினார்.

எண்ணம் இருந்தால் போதாது. அதற்குப் படிப்பு வேண்டும்.

மறுபடியும் மாணவி

டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், ஒரு தனித் துறையில் தேர்ச்சி பெறுவதற்காகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மறுபடியும் மாணவராகச் சேர்வது உண்டு. உபகாரச் சம்பளம் கொடுத்து, ஒரு குருவிடம் இருந்து தொழிலைக் கற்கச் சொல்வார்கள். இதற்கு ஃபெலோஷிப் என்று பெயர்.

மேரிக்கு நியூயார்க்கில் அந்த வாய்ப்புக் கிடைத்தது.

இது எளிதான முடிவு அல்ல. கை ஆபரேஷனில் அவர் பெயர் வாங்கிவிட்டார். கத்தி பிடிக்கும் டாக்டருக்கு மரியாதை அதிகம். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் டாக்டரை அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கையில் இருந்ததை விட்டுவிட்டுப் புதியதைத் தேடிப் போக வேண்டும். அதுவும் நாற்காலியில், கடல் கடந்து!

மேரி போனார்.

அங்கே குரு, டாக்டர் ஹோவர்ட் ரஸ்க். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்க விமானப்படையில் டாக்டராக இருந்தவர். காயம் ஆறிவரும் வீரர்கள் நாள் பூராவும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதை அவர் கண்டார். கூரையைத்தானே பார்க்கிறார்கள் என்று, அங்கே எதிரி விமானங்களின் பொம்மைகளைத் தொங்கவிட்டார். எது எந்த விமானம் என்று படுத்தபடியே படிக்கட்டும் என்றார். பிறகு படுக்கையிலேயே உடற்பயிற்சி. படுத்திருப்பது ஓய்வு அல்ல, அதுவே ஒரு வியாதி என்பது ரஸ்கின் கொள்கை.

யுத்தம் முடிந்ததும் நியூயார்க்கில், பெல்வியூ என்ற பெரிய நகர ஆஸ்பத்திரியில் இந்த முறையைக் கொண்டுவந்தார். பிறகு அதற்கு என்றே தனி நிலையம் கட்டினார். பல நாட்டு டாக்டர்கள் அங்கே வந்து படித்தார்கள்.

அந்த நிலையத்துக்கு வந்த நோயாளிகளில் ஒருவர் அமெரிக்கா முழுவதும் பெயர் தெரிந்த பேஸ்பால் ஆட்டக்காரர். ராய் காம்பனெல்லா என்று பெயர். 1958 ஜனவரியில் அவருடைய கார் கவிழ்ந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்தது. ரஸ்கின் நிலையத்தில் பயிற்சி பெற்று நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் அவரைக் கௌரவிக்க ஆட்டம் நடந்தபோது 93,000 பேருக்கு மேல் திரண்டார்கள். பந்து அடித்த கை போய்விட்டது. ஆனால் ஆள் போய்விடவில்லை என்பதை ஊரே பார்த்தது.

நியூயார்க்கில் மேரி கற்றது என்ன? புதிய மருந்து அல்ல. புதிய கத்தியும் அல்ல. ஒரு நோயாளிக்குப் பல பேர் சேர்ந்து வைத்தியம் பார்க்கும் முறை. உடற்பயிற்சி சொல்லித் தருபவர் ஒருவர். கைவேலை கற்றுத் தருபவர் ஒருவர். கட்டைக் கால், கம்பிக் கால் செய்பவர் ஒருவர். குடும்பத்தோடு பேசுபவர் ஒருவர். என்ன வேலைக்குப் போகலாம் என்று பார்ப்பவர் ஒருவர். இவர்கள் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசி முடிவு எடுப்பவர் டாக்டர்.

அங்கே நோயாளிக்கு வைக்கும் பரீட்சை வேடிக்கையாக இருக்கும். தலை வாரத் தெரிகிறதா? பொத்தான் போட முடிகிறதா? கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற முடிகிறதா? நாற்காலியில் இருந்தபடி அடுப்பில் காப்பி போட முடிகிறதா? ஒவ்வொன்றுக்கும் குறி போடுவார்கள். இரத்தத்தையும் எக்ஸ்ரே படத்தையும் மட்டும் பார்த்துப் பழகிய டாக்டருக்கு இது ஒரு புதுப் பாடம்.

மேரிக்கு ஒரு விதத்தில் புதிதும் அல்ல. அந்தப் பரீட்சையை அவர் தினமும் எழுதிக்கொண்டிருந்தார்.

பாயும் மண்தரையும்

திரும்பி வந்த மேரி, 1963-ல் வேலூரில் உடலியக்க மருத்துவம், மறுவாழ்வு என்ற துறைக்குத் தலைவர் ஆனார். அதே ஆண்டு டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார். பல நாடுகளில் அவர் பெயர் பரவியது.

ஆனால் புத்தகத்தால் வார்டு நடக்குமா?

ரஸ்கின் பாடம் கட்டிலும் மேஜையும் வழவழப்பான நடைபாதையும் உள்ள நாட்டுக்கு ஏற்பட்டது. இங்கே நோயாளி எங்கே இருந்து வருகிறார்? மரத்தில் இருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், மூட்டை சரிந்து முதுகில் விழுந்தவர். அவர் படுப்பது பாயில். சாப்பிடுவது தரையில் உட்கார்ந்து. வாசலில் படி. தெருவில் மணல். கழிப்பிடம் காட்டுப் பக்கம். விலை உயர்ந்த சக்கர நாற்காலியைக் கொடுத்தாலும் தேரி மணலில் அது ஒரு அடி நகராது.

ஆகவே பாடத்தை நம் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டி இருந்தது. தரையில் இருந்து நாற்காலிக்கும், நாற்காலியில் இருந்து தரைக்கும் கையை ஊன்றி மாறும் பழக்கம் இங்கே மிக முக்கியம். கம்பிக் காலும் ஊன்றுகோலும் உள்ளூரிலேயே செய்து, உள்ளூரிலேயே பழுது பார்க்கும்படி இருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் புண் வந்துவிடும். இதை மறக்காமல் செய்வது ஆயிரம் ரூபாய் மருந்தைவிடப் பெரிது. காசு ஒன்றும் செலவு இல்லை!

இன்னொரு பெரிய விஷயம் குடும்பம். வீட்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளப் போவது மனைவியும் தாயும்தானே? அவர்களும் நோயாளியோடு தங்கிப் பழகட்டும் என்று ஏற்பாடு நடந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்ததும் வீட்டார் வெளியே போய்விடுவார்கள். இங்கே வீட்டாரும் மாணவர்கள்.

1966 நவம்பரில், வேலூரை அடுத்த பாகாயத்தில், மறுவாழ்வுக்கு என்றே ஒரு தனி நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகளை மாதக்கணக்கில் தங்க வைத்துப் பயிற்சி கொடுத்து ஊருக்கு அனுப்பும் இடம். இந்தியாவில் இந்த மாதிரி ஏற்பட்ட முதல் நிலையங்களில் அது ஒன்று. படுத்துக் கிடப்பவர்களின் வார்டுக்குத் தலைவியே நாற்காலியில்தான் வருவார். சாக்குச் சொல்ல யாருக்கும் துணிவு வராது!

எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். வீட்டுக்குப் போனதும் கவனிப்பு இல்லாமல் புண் வந்து திரும்பி வருகிறவர்கள் உண்டு. திரும்பி வராமலே போகிறவர்களும் உண்டு. கால் போன ஆணை மனைவி பார்த்துக்கொள்வாள். கால் போன மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவன் குறைவு. இந்தத் துறை டாக்டர்களின் வேலை ஆஸ்பத்திரி வாசலோடு முடியாததற்கு இதுவே காரணம்.

அவருக்குப் பிறகு

1972-ல் மேரி வர்கீஸுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986 டிசம்பரில், 61-வது வயதில் காலமானார். முறிந்த முதுகோடு 32 ஆண்டுகள்! அந்தக் காலத்தில் முதுகு முறிந்தவர்களுக்கு டாக்டர்கள் போட்ட கணக்குக்கு இது மிக மிக அதிகம். பாகாயம் நிலையம் இன்றைக்கு அவர் பெயரால் வழங்குகிறது.

அவர் காலத்தில் இதைப் படிக்க நியூயார்க் போக வேண்டி இருந்தது. இப்போது டாக்டர்கள் தமிழ்நாட்டிலேயே இந்தத் துறையில் பட்டம் வாங்குகிறார்கள். சென்னை கே.கே. நகரில் அரசாங்கத்தின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. பந்தயத்தில் முழங்கால் பிசகிய வீரர்களைக் கவனிப்பதற்கு என்றே தனிப் பயிற்சி பெற்ற டாக்டர்களும் வந்துவிட்டார்கள். முரளிகாந்த் பெட்கர் என்ற மராட்டிய வீரர் 1965 யுத்தத்தில் குண்டு பட்டவர். நீச்சலை வைத்தியமாகப் பழகி, 1972-ல் ஜெர்மனியில் நடந்த பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தங்கப் பதக்கம் வாங்கினார்.

தென்பாண்டிச் சீமையிலும் ஒரு இடம் உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியைச் சேர்ந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். என்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்காக நடந்த உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்து முறிந்தது. கைகால் செயல் இழந்த அவர், 1981-ல் சொந்த ஊரில் ஒரு கூரைக் கொட்டகையில் ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். தனக்குப் பயிற்சி கொடுத்த விமானப்படை டாக்டரின் பெயரால் அதற்கு அமர் சேவா சங்கம் என்று பெயர் வைத்தார். அது வளர்ந்து, முதுகு முறிந்தவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் இடமாக ஆகி இருக்கிறது.

ஆத்தூரில் பஸ் ஏறி, திருநெல்வேலியில் தென்காசி பஸ்ஸுக்கு மாறினால் போதும். ஒரு பகல் பயணம்தான்.